தஸ்நேவிஸின் மூச்சு

"டீச்சர், நான் நிஜமாவே மூச்சைப் பிடிச்சேன். கிராபிக்ஸ்னு சொல்றாங்க."

செருப்பைக் கழற்றும்போதே தஸ்நேவிஸ் இதைச் சொல்லிவிட்டார்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட குமுதவல்லி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். விருகம்பாக்கத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே நடிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே மிளகாய் அரைத்தால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். அன்றைக்கு அரைத்தது கோதுமை.

"யாருண்ணே சொன்னது?"

தஸ்நேவிஸ் சொன்னார்.

அவர் தூத்துக்குடிக்காரர். சினிமாவுக்கு வருமுன் கடலில் சங்கு குளித்தவர். இருபத்து நான்கு வருஷம் அடியாளாகவும் ஏட்டையாவாகவும் வந்துபோன பிறகு, இப்போதுதான் பேர் சொல்லும்படி ஒரு வேடம். கல்குவாரித் தண்ணீரில் மகள் விழுந்துவிடுகிறாள். அப்பன் குதித்துத் தேடுகிறான்.

டைரக்டர் டூப் போடலாம் என்றார்.

"எனக்கா டூப்பு?" என்று சிரித்தார் தஸ்நேவிஸ்.

ஒரே மூச்சு. தண்ணீருக்குள் இருந்த கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி. மேலே வந்தபோது யூனிட் முழுக்கக் கைதட்டியது.

"போன வாரம் நாற்பது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க, டீச்சர். என் சீன் வந்துச்சு. முன்வரிசையில ஒரு அம்மா, 'கிராபிக்ஸ்தானே?'ன்னு பக்கத்துல கேக்குது. இன்னொருத்தர் போனை எடுத்துட்டார். இருபது விநாடிக்கு வெட்டிடலாம்ங்கார் டைரக்டர். கெஞ்சினேன். வியாழக்கிழமை குவாரியில மிச்ச வேலை இருக்கு, இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்னு சொல்லியிருக்கார்."

"நல்லதுதானே?"

"இந்தத் தடவை நாலரை நிமிஷம் இருந்துடலாம்னு நினைக்கேன்."

குமுதவல்லி மூலையில் இருந்த துணிக்கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டார்.

"மாடிக்கு வாங்க, அண்ணே."

மொட்டை மாடியில் ஒரு நீல டிரம். விளிம்புவரை தண்ணீர்.

"செஞ்சு காட்டுங்க."

தஸ்நேவிஸ் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டார். மூன்று முறை நிதானமாக மூச்சை இழுத்து விட்டார். நாலாவதை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் இறக்கினார்.

தோள் அசையவில்லை. விரல் அசையவில்லை.

நிமிர்ந்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

"எவ்வளவு, டீச்சர்?"

குமுதவல்லி ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார். கொடி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"நான் பார்க்கலையே."

"என்னது?"

"ஒரு நிமிஷம் பார்த்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுது. துணி காயப்போட வந்துட்டேன்."

தஸ்நேவிஸுக்குச் சுருக்கென்றது. காதிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அப்போ நீங்க செய்யுங்க."

"எனக்கு அரை நிமிஷம்கூடத் தாங்காதே."

"பரவாயில்ல. செய்யுங்க."

குமுதவல்லி டிரம்மின் அருகே போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூச்சு இழுத்தாரா என்பதுகூடத் தஸ்நேவிஸுக்குத் தெரியவில்லை. அதற்குள் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது.

இரண்டு கையும் விளிம்பைப் பற்றியிருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்தன. ஒரு கை விட்டது. தண்ணீருக்குள் போய்த் துழாவியது.

நிமிர்ந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். கண் தஸ்நேவிஸ்மேல் பட்டது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வாய்க் காற்றை அள்ளிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

இந்த முறை கை தோள்வரை போயிற்று.

மறுபடி நிமிர்ந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி குனிந்தார்.

தஸ்நேவிஸ் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"போதும்! டீச்சர், போதும்!"

குமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாதாரணக் குரலில் கேட்டார்:

"எவ்வளவு நேரம், அண்ணே?"

"தெரியலையே."

"உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

தஸ்நேவிஸ் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நிஜமாவே பயந்துட்டீங்களா, டீச்சர்?"

குமுதவல்லி முந்தானையைப் பிழிந்துகொண்டே வேறொன்று கேட்டார்.

"உள்ளே இருக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"எண்ணுவேன்."

"எதை?"

"விநாடியைத்தான். எண்ணிக்கிட்டே இருந்தா பயம் வராது. சங்கு குளிக்கப் போன நாள்ல இருந்து பழக்கம்."

"கண்ணு?"

"திறந்துதான் இருக்கும்."

"என்ன பார்க்கும்?"

தஸ்நேவிஸ் யோசித்தார்.

பிறகு, இருபத்து நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"டீச்சர், எனக்கு நடிப்பு வருமான்னே தெரியல. மூச்சு வரும். அது ஒண்ணுதான் நிச்சயமாத் தெரியும். அதையும் விட்டுடச் சொல்றீங்களா?"

"விடச் சொல்லலையே, அண்ணே."

"பின்னே?"

"உங்க மக பேர் என்ன?"

"எனக்கு ஏது மக? ரெண்டும் பயலுவ."

குமுதவல்லி காலிக்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

தஸ்நேவிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது படியில் நின்றுவிட்டார்.

அங்கேயே நின்று உதவி டைரக்டருக்குப் போன் போட்டார்.

"தம்பி, தண்ணியில விழுற பிள்ளைக்குப் பேர் என்ன?"

"பேர் இல்லையே சார். வசனத் தாள்ல 'மகள்'னுதான் போட்டிருக்கு. ஏன் சார்?"

"சும்மாதான்."

அவருக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் உடை பார்க்கும் கோமளாவைத் தேடிப் போனார்.

"அந்தப் பிள்ளை அன்னைக்கு என்னம்மா போட்டிருந்துச்சு?"

"மஞ்சள் கவுன் சார்."

"கொலுசு?"

"உண்டு. ஒரு கால்ல திருகாணி கழண்டுபோச்சு, நூல் போட்டுக் கட்டியிருந்தேன். படத்துல தெரியாது. எதுக்குக் கேக்கறீங்க?"

"நூல் என்ன கலர்?"

கோமளா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சிவப்பு, சார்."

ராத்திரி சாப்பிடும்போது மனைவி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார். பிள்ளைக்கு ஒரு பேர் வைத்துவிட்டார். அது என்ன பேர் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குவாரியில் வெயில் நேராக விழுந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. கேமராவோடு ஒருவர் முன்பே உள்ளே இறங்கியிருந்தார்.

"ரெடியா சார்?" என்றார் டைரக்டர்.

தஸ்நேவிஸ் தலையாட்டிவிட்டுக் குதித்தார்.

பழக்கம் விடவில்லை. ஒன்று, இரண்டு என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. ஏழில் இருக்கும்போது கீழே பாறையிடுக்கில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

எண் அறுந்துபோயிற்று.

போனார். பிடித்தார். பிளாஸ்டிக் பை.

அதை எறிந்துவிட்டு அடுத்த இடுக்குக்குப் போனார். கல். பாசி. கையைக் கிழித்த முள்கம்பி. அந்தப் பக்கம் இருட்டாக ஒரு பள்ளம். அதற்குள் போனார். வெளியே வந்தார். நெஞ்சு முட்டியது. அவருக்கு அப்படி முட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கினார். கரையில் யார் நிற்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பது ஒன்றும் தெரியவில்லை. திரும்ப இறங்கினார்.

மறுபடி மேலே. மறுபடி கீழே.

பள்ளத்தின் அடியில் சேற்றை இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே தொபீரென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்தார். பச்சைத் தண்ணீரில் இரண்டு கால்கள் கன்னாபின்னாவென்று உதைத்துக்கொண்டிருந்தன. காக்கி அரை டிராயர்.

ஒரே உந்தில் மேலே போய், அந்த ஆளின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, கரைக்கு இழுத்து வந்தார்.

லைட்மேன் பெரியகருப்பன். ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருஷமாக நூற்றுக்கணக்கான சினிமாச் சாவுகளுக்கு விளக்குப் பிடித்தவர். நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

நாலு பேர் சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். குடித்த தண்ணீர் வெளியே வந்தது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கட் சொல்ல டைரக்டர் மறந்துபோயிருந்தார்.

அவர்தான் முதலில் கத்தினார். "நீந்தத் தெரியாம எதுக்குய்யா குதிச்சீங்க?"

பெரியகருப்பன் டைரக்டரைப் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, ரத்தம் வழிந்த தஸ்நேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா கிடைச்சுதா?"