விரால் குஞ்சு சிவந்த கதை

மீனும் மனிதரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிய வாழ்ந்த அந்தக் காலத்தில், விரால் குஞ்சுகள் சேற்றின் நிறத்திலேயே பிறந்தன. ஆவாரங்காட்டுக் கண்மாயில் அவை நீந்துவதை நின்றபடி கூர்ந்து பார்ப்பவராலும் காண இயலாது.

அவ்வூரார் ஊத்தா கொண்டு மீன் பிடித்தனர். ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. அதைச் சடாரென நீருக்குள் இறக்கி, மேல்வாய் வழியே கையை விட்டு, உள்ளே சிக்கிய மீனை எடுப்பார்கள். காலடி கேட்டதும் மீன்கள் ஓடிவிடும். சில விரால்கள் மட்டும் ஓடாமல் நிற்கும். "ஓடாத மீன் அம்மன் கொடுத்த மீன்" என்று சொல்லி, ஊரார் அவற்றையே முதலில் பிடித்தனர். அவை ஏன் ஓடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு விரால் குறைந்தது. அம்மனுக்குக் கோபம் என்று கூடுதலாக ஒரு கிடாய் வெட்டினர். விரால் மேலும் குறைந்தது.

ஓர் ஆண்டு, ஊர் கூடி மீன் பிடிக்கும் நாளுக்கு முந்தைய காலையில், ஒச்சாயி என்பவள் தனியே கண்மாயில் இறங்கினாள். அவள் கணவன் சோணை இருபது நாள் காய்ச்சலில் கிடந்து, எழுந்து உட்காரவும் வலுவின்றி இருந்தான். விரால் சாறு கொடுத்தால் தேறுவான் என்பதால், ஊர் அவளுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாக இறங்க அனுமதி அளித்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஓரிடத்தில் ஒரு விரால் அசையாமல் நிற்கக் கண்டு, ஊத்தாவை இறக்கிக் கையை விட்டாள்.

"அடிவயித்தைப் பிடிக்காத தாயி, கூசுது" என்றது விரால்.

"கூசினா கூசட்டும். குழம்புல கூசாது."

"கொண்டு போ. போறதுக்கு முன்னால குனிஞ்சு பாத்துட்டுப் போ."

ஒச்சாயி மூக்கு நீரில் படும் அளவுக்குக் குனிந்தாள். கலங்கல் நீரில், அரிசிப் பருமனில், நூற்றுக்கணக்கான குஞ்சுகள் தாயைத் தேடி மூங்கில் இடுக்குகளில் மோதிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கும்போதே ஒரு கெளுத்தி வந்து, ஒரே வாயில் முப்பதை விழுங்கிவிட்டுச் சென்றது.

"இதுகளுக்காகத்தான் ஓடாம நிக்கிறியா?"

"பின்னே, உன் மூஞ்சியைப் பாக்கவா? இந்தக் கண்மாயில விரால்னு மிஞ்சினது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவரு அந்தக் கோரைப் பக்கம் நிக்கிறாரு. இன்னைக்கு நான், நாளைக்கு அவரு. அப்புறம் யாரு?"

"எனக்கும் வீட்டுக்காரரு கெடக்காரே" என்றாள் ஒச்சாயி. அவள் குரல் இறங்கியிருந்தது.

"அவருக்கு அயிரை வச்சுக் கொடு. மடைவாயில கூட்டமா ஓடுது. ஆயிரத்துல நூறை அள்ளினா அதுக்கு ஒண்ணும் குறையாது. ஓடுறதைப் பிடி தாயி, நிக்கிறதை விடு."

அயிரைச் சாற்றில் சோணை தேறுவானா என்பது ஒச்சாயிக்குத் தெரியாது. நெடுநேரம் மீனைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கையைத் தளர்த்தி, ஊத்தாவைத் தூக்கினாள்.

"நான் விட்டுட்டேன். நாளைக்கு நூறு ஊத்தா இறங்குமே! சேத்து நிறத்துக் குஞ்சு எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்று சொல்லி, வாயில் குதப்பிய வெற்றிலைச் சாற்றைக் குஞ்சுகளின் மேல் உமிழ்ந்தாள். குஞ்சுகள் அத்தனையும் செக்கச்செவேலென்று சிவந்தன.

"அடிப்பாவி, எச்சி!" என்று விரால் பதறியது.

"எச்சியாம் எச்சி! நாங்க குடிக்கிற தண்ணியில நீங்க குடும்பத்தோட குளிக்கிறீங்களே, அதுக்கு என்ன பேரு?"

விரால் சிவந்த குஞ்சுகளை ஒருமுறை சுற்றி வந்தது. "சரி, இந்தச் சாயம் எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"இதுக தனியாப் பிழைக்கத் தெரியுற வரைக்கும் நிக்கட்டும். வெளுத்ததும் நாங்க வருவோம். அப்ப ஓடத் தெரியணும்."

மறுநாள் காலை, இறங்கலாம் என்று கரையில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே கண்மாயில் இறங்கியது. முன்னால் சென்ற வீரணன், நீரின்மேல் ஒரு சிவப்புத் திட்டு நகர்வதையும் அதன் கீழ் விரால் நிற்பதையும் கண்டு ஊத்தாவை ஓங்கினான்.

"வீரணா, இறக்காத! செவப்புக்குக் கீழ தாய் நிக்கிறா!" என்று ஒச்சாயி கரையிலிருந்து கத்தினாள். நடந்ததை மூச்சுவாங்கச் சொன்னாள்.

"ஏன் மதினி, நாங்களும் அயிரையைத் தின்னு ஏப்பம் விடணுமாக்கும்?"

"இந்த வருசம் விடு. அடுத்த வருசம் உனக்கு விரால் ஏப்பமே வரும்."

வீரணன் சிவப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்கிய ஊத்தாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திட்டைச் சுற்றி நடந்தான். பின்னால் வந்தவர்களும் அவ்வாறே நடந்தனர்.

ஐந்தாம் நாள் சோணை எழுந்து உட்கார்ந்து, அவள் வைத்த அயிரைச் சாற்றில் புளி போதவில்லை என்று குறை சொன்னான். இருபத்தைந்து நாள் அழாதிருந்த ஒச்சாயி அதைக் கேட்டுச் சத்தமாக அழுதாள். அழுதுகொண்டே புளி கரைத்தாள். மறு ஆண்டு கண்மாயில் கால் வைத்த இடமெல்லாம் விரால் துள்ளியது.

அன்று முதல்தான் விரால் குஞ்சுகள் சிவப்பாகப் பிறந்து, தனியே பிழைக்கக் கற்றதும் கறுக்கின்றன. அன்று முதல்தான், சிவப்புத் திட்டு கடந்து செல்லும்வரை அக்கண்மாயில் ஒருவரும் ஊத்தாவை இறக்குவதில்லை.