கடுகு வெடிக்கும் கண்

இருட்டியதும் கூடத்தில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜெசிந்தா தூளியைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் அலமாரியில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து வந்தது. வாசல் நிலைக்கு மேலே, வெளிப்புறமாக அவள் மாட்டியிருந்த கண்ணின் குரல் அது. மூளை வேலை செய்கிற விதத்தைப் பார்த்துச் செய்த கண். படம் பிடிக்காது. எதிரே ஏதாவது மாறினால் மட்டும் வெடிக்கும். அதனால்தான் ஒரு பொட்டு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடுகிறது.

நாலைந்து வெடி. பிறகு அமைதி.

"யாரு?"

கணவனுக்கு நைட் ஷிப்ட். அவள் திலகாவுக்கு போன் போட்டாள். இந்தக் கண்ணைச் செய்த ஆராய்ச்சியில் திலகாதான் அவளுக்கு குரு. வயதில் இளையவள்.

"மேடம், உங்க கண்ணை நம்பித்தான் தனியா இருக்கேன். அது பாதியில செத்துப்போச்சு."

"சாகலக்கா. சும்மா இருக்கு."

"பக்கத்து வீட்டு கேமரா ராவும் பகலும் படம் காட்டுது. இது ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கு. யாரும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைக்கலாமில்ல?"

"அதைச் சொல்லிக்கிட்டே இருந்தா விடியறதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடும்."

"பேட்டரியையா நான் காப்பாத்தணும்? கைக்குழந்தையை வெச்சிருக்கேன்!"

திலகா சிரிக்கவில்லை.

"விரல்ல மோதிரம் இருக்கா?"

"இதென்ன கேள்வி? இருக்கு."

"நான் கேட்கிறதுக்கு முன்னாடி அது இருக்கிறது தெரிஞ்சுதா?"

ஜெசிந்தா யோசித்தாள். "இல்ல."

"போட்டப்ப?"

"தெரிஞ்சுது."

"கழட்டினா?"

"தெரியும். மேடம், கான்வென்ட்ல சிஸ்டர்கூட என்னை இப்படி வளைச்சு வளைச்சுக் கேட்டதில்ல. நான் தூங்கலாமா, கூடாதா?"

"கடுகு எத்தனை தடவை வெடிச்சுது?"

"ஒரு தடவைதான், நாலைஞ்சு வெடி சேர்ந்தாப்ல. யாரோ நடந்து வந்த மாதிரி. அப்புறம் சத்தமே இல்ல. சரி, போயிட்டாங்கன்னு..."

"போன சத்தம் கேட்டுச்சா அக்கா?"

மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் விரல் நின்றது.

கதவு சாத்தித்தான் இருந்தது. அதன் அடியில் வாசல் விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது.

கோடு இரண்டு இடத்தில், பாத அகலத்துக்கு அறுந்திருந்தது.

அவள் போனைக் கீழே வைத்தாள். தூளியைத் தாண்டி, பாதம் தரையில் படாத மாதிரி நடந்தாள்.

அவள் தாழ்ப்பாளைப் போட்டு முடிக்கும்வரை பெட்டி வெடிக்கவே இல்லை.