மூன்றாம் தட்டுப் பலகை

முன்னொரு காலத்தில் செண்பகநாட்டைப் பூபாலதுங்கன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். எந்த நேரம் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது. கோபுரத்துக்குப் புதுக் கலசம் வைக்க ஆசைப்பட்டவன், "ஒருத்தருக்கும் அடிபடாமல் வேலையை முடித்தால் மந்திரிக்கு என் வலப்பக்கத்து ஆசனம்" என்று சபையில் சொல்லிவிட்டான்.

அந்த ஆசனத்தில் பத்து வருஷமாக உட்கார்ந்திருந்தவர் சிங்கமுத்துராயர். கேட்டதுமே அவருக்கு வயிறு எரிந்தது. மந்திரி தீர்த்தகிரியாரோ கோபுரத்தைச் சுற்றி மூங்கிலால் சாரம் கட்டி, தட்டுத் தட்டாகப் பலகை போட்டு, முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்துத்தான் ஆளை ஏற்றினார். ராஜா தினமும் வந்து மெச்சிவிட்டுப் போனான். ராயருக்குச் சோறு இறங்கவில்லை. எவனாவது ஒருத்தன் விழுந்தால் போதும், ஆசனம் தப்பும் என்று கணக்குப் போட்டார், பாவி மனுஷன்!

ஒரு மத்தியானம் வேலையாட்கள் கஞ்சி குடிக்கப் போனதும் ராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாம் தட்டு நடுப்பலகையின் கயிற்றை அவிழ்த்து, சும்மா சுற்றி வைத்துவிட்டு இறங்கி, ஒன்றும் தெரியாதவர் போல அரண்மனைக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சாப்பிட்டு வந்தாலும் முடிச்சைத் தொட்டுப் பார்க்காமல் ஒருத்தரும் ஏறக்கூடாது என்பது மந்திரியின் கண்டிப்பு. அவிழ்ந்த கயிறு அகப்பட்டது, இறுக்கிக் கட்டியும் ஆயிற்று. யார் வேலை என்று மந்திரிக்கு ஒரு சந்தேகம். ஆனால் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் ராஜா ராயரையும் கூட்டிக்கொண்டு வந்து, தானே மேலே ஏறிப் பார்ப்பேன் என்று அடம்பிடித்தான். முதலில் வேறொருவர் ஏறிப் பார்க்கட்டும், ராயரைவிட நம்பிக்கையானவர் யார் இருக்கிறார் என்றார் மந்திரி. மறுத்தால் மானம் போகும். ராயர் ஏறினார். முதல் இரண்டு தட்டையும் மளமளவென்று நடந்து கடந்தவர், மூன்றாம் தட்டில் நின்றுவிட்டார். வேர்த்துக் கொட்டியது. சுவரைக் கட்டிப் பிடித்தபடி நடுப்பலகையைத் தாண்டி அடுத்ததில் காலை வைத்தார்.

மந்திரி பின்னாலேயே ஏறிப்போய், அந்த நடுப்பலகையில் நிதானமாக நின்றுகொண்டார். "ராயரே, எல்லாம் ஒரே மரம், ஒரே கயிறு. இதை மட்டும் ஏன் தாண்டினீர்?"

ராயர் சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகையின் கயிற்றையே பார்த்தார். கீழே நின்ற ராஜாவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"நாளை முதல் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு பலகையிலும் நீர் நடந்து காட்டும். அப்புறம்தான் மற்றவர்கள் ஏறுவார்கள்" என்றான்.

மந்திரி ஒரு தரம் இழுத்துப் பார்த்த முடிச்சை ராயர் மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். உயிர் அவருடையதல்லவா! கலசம் ஏறிய நாள்வரை ஒருத்தருக்கும் நகக்கீறல்கூட இல்லை. ஆசனம் மந்திரிக்குப் போயிற்று. வாங்கிக் கொடுத்தவர் ராயரேதான்.