சின்னக் குளத்தில் விழுந்த கால்

கொக்கடிக்குளம் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் நாலு ஊருக்கு, ஒருவேளை நம்மைத்தான் சொல்கிறானோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

அந்த ஊர்க் குளத்துக்கரை எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று ஆராய்ச்சி செய்ய, பட்டணத்திலிருந்து செண்பகராமன் என்று ஓர் இன்ஜினியர் வந்தார். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, தான் சொன்னது எதிராளிக்குப் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவார். அவருக்கு உதவியாக மூன்று பேர் வாய்த்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், மற்ற இருவருக்கும் அவர் அண்ணாச்சி. அடுத்தவன் சுடலைமணி, ஓடச் சொன்னால் எங்கே என்று கேட்காமல் ஓடுவான். கடைசி ஐயம்பெருமாள். யோசிக்கிற வேலையை மூவரும் பேசி அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். வினையே அங்கேதான்.

கரையோரம் ஒரு கொட்டகை போட்டு, இன்ஜினியர் மூவரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"நம்ம குளத்தை அப்படியே ஐம்பதில் ஒரு பங்காக இந்தக் கொட்டகைக்குள்ளே களிமண்ணில் செய்யுங்க. பெரிய குளத்தில் என்னென்ன இருக்கோ அதெல்லாம் சின்னக் குளத்திலும் இருக்கணும். தினமும் தண்ணி மட்டத்தை அளந்து எழுதுங்க. அளவிலே மனுஷப் பிழை வரவே கூடாது. எந்த வேலையானாலும் முதல்லே சின்னதிலே செஞ்சு பாருங்க, அப்புறம்தான் பெரிசிலே. நான் பத்து நாளில் வர்றேன்."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பொய் சொல்லக்கூடாது, சின்னக் குளத்தை நன்றாகவே செய்தார்கள். அறுநூறு அடிக் கரை பன்னிரண்டு அடியில் வந்தது. மதகு வந்தது, கரைமேல் புளியமரம் வந்தது. பெரிய குளத்தங்கரையில் கொட்டகை இருக்கிறதே என்று சின்னக் குளத்தங்கரையிலும் ஒரு குட்டிக் கொட்டகை வைத்தார்கள். அதற்குள்ளே ஒன்றேகால் அங்குலத்தில் மூன்று பொம்மைகள். அந்தப் பொம்மைகளின் காலடியில் வெற்றிலை அகலத்துக்கு இன்னொரு குளம்.

மறுநாள் காலை அளவுகோலைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பியவர்களை ஐயம்பெருமாள் மறித்தான்.

"அண்ணாச்சி, மனுஷப் பிழை வரக்கூடாதுன்னு ஐயா சொன்னாரே. நாம யாரு?"

"மனுஷங்கதான். அதிலே என்னலே சந்தேகம்?"

"அப்போ நாம அளந்தா வர்றது மனுஷப் பிழைதானே?"

ஆவுடையப்பன் கோலைக் கீழே இறக்கிவிட்டார். "ஆத்தாடி! நல்ல நேரத்திலே சொன்னே. இப்போ யாரு அளக்கறது?"

"கோலைத் தண்ணியிலே நட்டுட்டு நாம தூரப் போயிருவோம். அது பாட்டுக்கு அளக்கட்டும்."

அப்படியே நட்டார்கள். அரை மைல் தள்ளிப் போய், தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆவுடையப்பன் நோட்டில் எழுதினார்: "இன்று அளந்தவர் யாருமில்லை. பிழை ஏதுமில்லை."

அடுத்த தொல்லை ஒரு கொக்கு. பெரிய குளத்தில் கொக்கு வந்து நின்றால் சின்னக் குளத்திலும் நிற்க வேண்டுமே! சுடலைமணி கரைக்கும் கொட்டகைக்கும் ஓடினான். "கொக்கு வந்தாச்சு!" என்றதும் ஐயம்பெருமாள் சுண்ணாம்பு தடவிய குச்சியை நடுவான். "பறந்தாச்சு!" என்றதும் பிடுங்குவான். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு தடவை. கொக்குக்கு இது தெரிந்திருந்தால் பாவம், ஓரிடத்தில் நின்றிருக்கும்.

அப்புறம் எருமை வந்தது. அது பூரணத்தம்மாளின் எருமை.

பூரணத்தம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். மதகுக்கு நேர் கீழே முக்கால் ஏக்கர் நெல் போட்டிருந்தாள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அந்த நெல் வீட்டுக்கு வந்தால் வருஷம் முழுக்கச் சோறு. கரை உடைந்தால் ஒன்றுமில்லை. அதனால் ஊரிலேயே குளத்தை நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் எருமை பெரிய குளத்தில் இறங்கியதும், இவர்கள் பேரீச்சம்பழ அளவில் ஒரு களிமண் எருமையைச் சின்னக் குளத்தில் இறக்கினார்கள். பச்சைக் களிமண். கொஞ்ச நேரத்தில் கொம்பு போயிற்று, அப்புறம் முதுகு போயிற்று.

மூவரும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனார்கள்.

"மனசைத் தேத்திக்கிடுங்க அக்கா. உங்க எருமை கரைஞ்சு போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

"இந்தா நிக்குதே!"

எருமை நின்றபடி அசைபோட்டது. ஐயம்பெருமாள் அதை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"எங்க கணக்குப்படி இது இல்லை அக்கா. இருந்தாலும் பால் கறந்தா குடிங்க, நாங்க ஒண்ணும் சொல்லலை."

ஏழாம் நாள் மழை பிடித்தது. குளம் நிரம்பி, மதகுப் பக்கம் ஓர் எலி வளை வழியாகக் கை கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. பூரணத்தம்மாள் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"கரை ஒழுகுதுப்பா! என் நெல்லு போயிரும். வந்து அடைங்க!"

மூவரும் சின்னக் குளத்தைக் குனிந்து பார்த்தார்கள். சொட்டுகூட ஒழுகவில்லை.

"பெரிசிலே இருக்கறது சின்னதிலே இல்லையே, ஐயா வந்தா திட்டுவாரே!" என்று ஆவுடையப்பன் பதறினார். சுடலைமணி கோணியூசியை எடுத்து மதகுப் பக்கம் ஒரு குத்து குத்தினான். தண்ணீர் நூலாக வந்தது.

"இப்போ ரெண்டும் ஒத்து வருது" என்றான் திருப்தியாக.

"அட பாவிகளா! அடைக்கச் சொன்னா ஓட்டை போடுறீங்களே!"

"அடைப்போம் அக்கா. முதல்லே சின்னதிலே அடைக்கணும், அப்புறம்தான் பெரிசிலே. அது ஐயா உத்தரவு."

சின்ன ஓட்டைக்குச் சின்ன மணல் மூட்டை வேண்டும். உட்கார்ந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாக்கு தைக்க ஆரம்பித்தார்கள். பூரணத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். எருமைமேல் வைக்கோலும் நாலு மூட்டை மண்ணும் ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வளையின் வாயை ஒற்றை ஆளாக அடைத்தாள்.

இவர்கள் குட்டி மூட்டையை ஓட்டையில் வைத்து அழுத்திவிட்டு ஓடி வந்து பார்த்தால், பெரிய குளத்திலும் ஒழுக்கு நின்றிருந்தது!

"பாத்தியாலே! சின்னதை அடைச்சா பெரிசு தானா அடைபடுது!"

"தானா அடைபடலை, நான் அடைச்சேன்" என்றாள் பூரணத்தம்மாள். தலைமுடியெல்லாம் சேறு.

ஐயம்பெருமாள் பரிவாகச் சொன்னான். "அது எப்படி அக்கா? சின்னக் குளத்திலே உங்களுக்குப் பொம்மையே வைக்கலையே. நீங்க இங்கே இருக்கவே வழியில்லை."

பத்தாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. அறுப்புக்கு ஆள் தேடிப் பூரணத்தம்மாள் காலையிலிருந்து அலைந்தாள், ஒருவரும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வந்தார். வெயிலிலிருந்து கொட்டகை இருட்டுக்குள் நுழைந்தவருக்குக் கண் தெரியவில்லை. பூட்ஸ் காலைத் தூக்கிச் சரியாகச் சின்னக் குளத்துக் கரைமேல் வைத்தார். கரை உடைந்து தண்ணீர் கொட்டகையெல்லாம் ஓடியது.

ஐயம்பெருமாள் குட்டிக் கொட்டகைப் பொம்மைகளைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பொம்மைகளைக் குனிஞ்சு பாக்கறது நாம. அப்போ நம்மளைக் குனிஞ்சு பாக்கறது யாரு?"

மூவரும் மெள்ளத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள்.

"ஐயா பூட்ஸு பத்து அங்குலம். மேலே இருக்கிறவரு பூட்ஸு நாப்பது அடிக்கு மேலே வரும்!" வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஐயம்பெருமாள் கணக்கு சரியாக இருந்தது.

"ஐயா, காலை எடுங்க!" என்று அலறினார் ஆவுடையப்பன். இன்ஜினியர் பதறிப்போய் எடுத்தார். "கீழே வைக்காதீங்க! நீங்க தூக்கியே வச்சிருந்தாத்தான் மேலே இருக்கிறவரும் தூக்கியே வச்சிருப்பாரு!"

சொல்லிவிட்டு மூவரும் வெளியே ஓடி, வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "சாமி, இங்கே வச்சுராதீங்க! பூரணக்கா நெல்லு இன்னும் அறுக்கலை!"

சத்தம் கேட்டு வந்த பூரணத்தம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. அங்கேதான் அவள் கெட்டிக்காரி.

"கும்பிட்டது போதும். கால் கீழே வர்றதுக்குள்ளே அறுத்துருவோம். ஆளுக்கொரு அரிவாளை எடுங்க!"

பாருங்கள், பயத்தில் அறுத்தால் என்ன வேகம்! ஒரு பிடி அறுப்பது, ஒரு தடவை வானத்தைப் பார்ப்பது. வழக்கமாக எட்டு ஆள் செய்கிற வேலை, பொழுது சாய்வதற்குள் கட்டு கட்டாகக் களத்துமேட்டுக்கு ஏறிவிட்டது. கடைசிக் கட்டை இறக்கியபோது பூரணத்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பேருக்கும் மோர் கொடுத்தாள். அப்புறம்தான் இன்ஜினியர் ஞாபகம் வந்தது. ஒரு செம்பு மோரோடு கொட்டகைக்குப் போனாள்.

அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தூணைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"என்னங்கய்யா இது! படிச்ச நீங்களுமா?"

"சேச்சே, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா" என்றார் இன்ஜினியர். மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். "நெல்லு பூரா வந்து சேர்ந்துருச்சா?"

"வந்துருச்சுங்கய்யா. காலை ஊன்றுங்க."

"ஊன்றுறேன், ஊன்றுறேன்" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முதல்லே ஒரு எட்டு வெளியே போய் மேலே பாரும்மா. அவர் ஊன்றிட்டாரா?"