வாய் கட்டி வடித்த மது

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் வாய் திறந்து பேசும். மேகம் முட்டும் மலையுச்சியில் துறவிகள் மடம் ஒன்று இருந்தது. அங்கே மருந்து காய்ச்சுகிறவர் உபகாரம் சாமியார்.

ஒரு மழைக்காலத்தில் மடத்துத் தலைவர் சவரிமுத்துவை இருமல் பிடித்துக்கொண்டது. கஷாயம் கொடுத்தால் கசப்பு தாங்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். மனிதர் கரைந்துகொண்டே வந்தார். பதறிப்போன உபகாரம் தோட்டத்துக்கு ஓடி, துளசியிடமும் கற்பூரவல்லியிடமும் புதினாவிடமும் கெஞ்சினார். தங்களைத் தேனிலும் பனஞ்சாராயத்திலும் ஊறப்போடச் சொல்லின அவை.

"பதம் வந்தா நாங்களே சொல்லுவோம். அதுவரைக்கும் நீங்க நாக்கை வைக்கக் கூடாது, சாமி" என்றது துளசி.

உபகாரம் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை.

ஜாடியில் மருந்து பச்சைப்பசேலென்று இறங்கியது. அதன் வாசனையில் ஜெபக்கூடத்துச் சாமியார்களுக்குப் பாதி ஜெபம் மறந்துபோயிற்றாம். அவர்கள் அங்கே தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பதம் பார்க்கிறேன் என்று உபகாரம் ஒரு சொட்டு நக்கினார். ருசி பிடிபடவில்லை என்று இன்னொரு சொட்டு. அப்புறம் ஒரு கரண்டி. அப்புறம் கரண்டி எதற்கென்று ஜாடியையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார்.

ஜெபம் முடிந்து எல்லாரும் வந்தபோது ஜாடி காலி. மருந்து எங்கே என்று கேட்டார்கள். மரநாய் குடித்துவிட்டுப் போய்விட்டது என்றார் உபகாரம்.

கூரையில் படுத்திருந்த மரநாய் தலையை மட்டும் நீட்டியது. "கள்ளுப்பானையில வாய் வைக்கிறவன்தான், இல்லைங்கல. ஆனா நான் குடிச்சா உங்க தாடி ஏன் சாமி பச்சையாச்சு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட உபகாரம் தாங்கியிருப்பார். சவரிமுத்து கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்து எழுந்து வந்து, தம் தோள் துண்டால் அந்தத் தாடியைத் துடைத்துவிட்டார். இடையில் இரண்டு முறை இருமல் வந்து கை நின்றது.

"கசக்கலையே, உபகாரம்?"

"இல்லை, சாமி." அதைச் சொல்லி முடிப்பதற்குள் உபகாரத்துக்கு உடம்பு கூசிச் சுருங்கிவிட்டது.

மறுபடி தோட்டத்துக்குப் போனார். இலைகள் பறிக்க விட்டன, பேசவில்லை. எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார், ஒரு சொல் வரவில்லை. தலைவரிடம் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கித் தம் வாயை இறுகக் கட்டிக்கொண்டு, நிறத்தைப் பார்த்தும் மணத்தைப் பிடித்தும் வடித்தார். சுவருக்கு அந்தப்புறம் கேட்ட ஒவ்வொரு இருமலுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசியில் சவரிமுத்து ஒரு குவளை குடித்தார். குடித்தது உள்ளேயே தங்கியது. அவர் பிழைத்துக்கொண்டார்.

அன்று முதல்தான் அந்த மடத்தில் இந்தப் பச்சை மருந்து மதுவை வடிக்கிற சாமியார் வாயைத் துணியால் கட்டிக்கொள்கிறார். செடிகொடிகளும் அன்றைக்கு மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.