நாலு பேருக்கு நாலு நம்பர்

கோணங்குளத்துல பலவேசம், சொள்ளமுத்து, வண்டிமலை, இசக்கின்னு நாலு பேரு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு. அது எவன் வீட்ல இருக்குங்கதுதான் எவனுக்கும் தெரியாது.

சைக்கிள்ல மைக் கட்டி லாட்டரிச் சீட்டு வித்த காலத்துல, ஆளுக்கு ஒரு ரூவா போட்டு ஒரு சீட்டு வாங்குனானுங்க. லாட்டரின்னா நாலு பேருக்கும் சமபங்குன்னு கோயில்ல சத்தியம். அதனால சீட்டை நாலாக் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு வச்சுக்கிட்டானுங்க. விழுந்துச்சு பாருங்க, ஐயாயிரம்!

சீட்டுக்காரர் நாலு துண்டையும் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "கிழிஞ்ச சீட்டுக்கு எவன்வே பணம் குடுப்பான்? சீட்டுன்னா ஒரு கீறல் படாம வச்சிருக்கணும்!"

அப்புறம் சுரண்டல் சீட்டு வந்துச்சு. காசால சுரண்டுனா உள்ள பரிசு தெரியும். இவனுங்க சுரண்டல. கீறல் படக்கூடாதுல்லா? கண்ணாடி போட்டுப் பலவேசம் வீட்டுச் சுவத்துல மாட்டிட்டானுங்க. அரசாங்கம் லாட்டரியை நிறுத்தி எத்தனையோ வருசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குச் சூடம் காட்டுறது மட்டும் நிக்கல.

இப்ப போன் காலம். இசக்கிக்கு நாப்பத்தஞ்சு வயசுல ஒரு பொண்ணு அமைஞ்சுச்சு. "மொதல்ல வீட்டுக்கு ஒரு கூரையைப் போடும். பொறவு பொண்ணைத் தாரேன்"னுட்டாரு மாமனார். ஆடு வித்த நாப்பதாயிரம் அதுக்காகத்தான் பேங்க்ல கிடக்கு.

நாலு பேரும் கூடியிருக்க நேரம் பாத்து இசக்கிக்கு ஒருத்தன் போன் பண்ணுனான்.

"சார், ஆன்லைன் லாட்டரியில உங்களுக்கு இருபத்தஞ்சு லட்சம் விழுந்திருக்கு!"

"நாங்க சீட்டே வாங்கலையே?"

"அதான் சார் ஆன்லைன்!"

இசக்கி மத்தவனுங்களைப் பெருமையாப் பாத்தான். "காலம் மாறிட்டுலே. அப்பம் விழுந்தும் கிடைக்கல. இப்பம் வாங்காமலே விழுது."

ஏடிஎம் கார்டுல உள்ளதைப் படிக்கச் சொன்னான் போன்காரன். இசக்கி அதுல ஒட்டியிருந்த பஞ்சாமிர்தம் வரைக்கும் ஒப்பிச்சான்.

"இப்ப மெசேஜ்ல நாலு நம்பர் வரும். அதைச் சொன்னீங்கன்னா பணம் கிளம்பிடும் சார்."

கிளம்பத்தான் போகுது. கூரைக்கு வச்ச நாப்பதாயிரம்!

நம்பர் வந்துச்சு. பலவேசம் கையைத் தூக்கிட்டான். "பொறுலே. சத்தியம் என்ன? சமபங்கு. நாலு பேரு, நாலு நம்பர். ஆளுக்கு ஒண்ணு."

போன் இசக்கியோடதுங்கதால மொத நம்பர் அவனுக்கு. ஒன்பது. அடுத்தது வண்டிமலைக்கு. பாத்தான், மூஞ்சி தொங்கிருச்சு.

"அவனுக்கு ஒன்பது, எனக்குச் சைபராலே? இதுவா சமபங்கு?"

"சார்," போன்ல கெஞ்சுனான் சொள்ளமுத்து, "சைபர் இல்லாம வேற ஒண்ணு அனுப்புங்களேன். இவன் அழுவுதான்."

"சைபருக்கும் அதே பணம்தான் சார்! சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க!"

சொல்ல வாயெடுத்தான் இசக்கி. மெசேஜை எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டிருந்த பலவேசம் அவன் வாயைப் பொத்துனான். "யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்ருக்குலே!"

"ஐயோ, அனுப்புனதே நான்தான் சார்!"

பலவேசம் யோசிச்சான். "அப்பம் உமக்கே தெரியுமே. எங்ககிட்ட எதுக்குவே கேக்கீரு?"

போன்காரன் டொக்குன்னு போனை வச்சுட்டான். அப்புறம் கூப்பிடவே இல்ல.

இசக்கி அந்த நாப்பதாயிரத்துலயே கூரை போட்டான். பாக்க வந்த மாமனார் கூரையை நிமிர்ந்துகூடப் பாக்கல. "லாட்டரி விழுந்துச்சாமே. உம்ம பங்கு என்ன?"

இசக்கி அக்கம்பக்கம் பாத்துட்டுக் காதுல சொன்னான்.

"ஒன்பது லட்சமா!" மாமனார் அப்படியே உக்காந்துட்டாரு. மறு வாரமே கல்யாணம்.

மொய் எழுதுற இடத்துல வண்டிமலை ரொம்ப நேரம் நின்னான். கையில காசு இல்ல. கடைசியில மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தன் பங்குச் சைபரையே எழுதிட்டான்.

மாமனார் நோட்டைப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. மணவறைக்கு ஓடி மகள் காதுல சொன்னாரு:

"ஏ பிள்ள, மாப்ளை பங்கு இப்பம் தொண்ணூறு!"