ஈசலுக்கு விசிறிய வாத்து

நாணல் ஏரியின் நடுவில் ஒரு பாறைத் திட்டு. அதன் குகையில்தான் காட்டுப் பல்கலைக்கழகத்தின் மூப்பு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. கரையில் நரிகள் நடத்திய தந்திரத் துறையில் இடம் பிடிக்க அடிதடி நடக்கும். மூப்புக் கூடத்திலோ மூன்றே பேர்.

தலைவர் மந்தராசலம் என்ற ஆமை. அந்த ஏரி குட்டையாக இருந்த காலத்திலேயே அவர் கிழவர் என்று கொக்குகள் சொல்லும். அடுத்தவர் சிங்காரம் என்ற ஓணான். ஆமை எது சொன்னாலும் தலையாட்டுவது அவர் வேலை. ஆமை ஒன்றும் சொல்லாதபோதும் ஆட்டிக்கொண்டுதான் இருப்பார். மூன்றாவது ஆள் வடமலை என்ற வரித்தலை வாத்து. பனிமலைக்கு அப்பாலிருந்து குளிர்காலத்துக்கு வந்த கூட்டத்தில் வந்தவன், ஆராய்ச்சிக்கு ஆசைப்பட்டுக் கூடத்தில் சேர்ந்துவிட்டான்.

உயிர்களுக்கு ஏன் வயதாகிறது, அதை எப்படித் தள்ளிப்போடுவது என்பதுதான் ஆராய்ச்சி. முதலில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அரை வயிறு சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று ஆமைக்கு ஓர் எண்ணம். சரி என்று வந்து சேர்ந்த எலிகள் மறுநாளே வளை தோண்டி ஓடிவிட்டன. போகிற போக்கில் ஓணானுடைய மதியச் சாப்பாட்டையும் தின்றுவிட்டுப் போயின.

அதற்கப்புறம்தான் ஈசல் வந்தது. மழை விட்ட சாயங்காலம் ஈசல் புற்றைவிட்டுக் கிளம்பும், பறக்கும், விடிவதற்குள் இறகு உதிர்ந்து முடிந்துபோகும். அதை ஒரு நாள் கூடுதலாக வாழவைத்தாலே பெரிய வெற்றி. ஆமை ஒரு பெண் ஈசலைப் புற்று வாசலிலேயே பிடித்தார். இறகு விரிப்பதற்கு முன்பே ஈரக் களிமண் கூட்டுக்குள் வைத்து மூடினார். மூச்சுக்கு மட்டும் ஒரு துளை. உள்ளே இருட்டும் குளிரும் இருக்கிறவரை அதற்குப் பறக்கும் வேகம் வராது. பறக்காவிட்டால் சாவும் வராது.

குளிருக்குத்தான் வடமலை. பனிமலையைத் தாண்டி வரும் வாத்துகளின் சிறகு மடிப்பில் அந்த ஊர்க் குளிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். நடுக்கோடையில் அவன் ஒரு விசிறு விசிறினால் பக்கத்துப் பொந்தில் நண்டுகள் தும்மும். நம்பாதவர்கள் நண்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஆராய்ச்சிக்கு வந்த உயிருக்குப் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தால் அது போகும்போது மனசு தாங்காது. ஆமை பட்டு அறிந்தவர். அவருக்கு நண்பனாக இருந்த மீன்கொத்தி போயிற்று. அதன் பிள்ளை வந்து பேசிக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று. பேரனும் போன அன்றைக்குத்தான் அவர் இந்தக் கூடத்தைத் தொடங்கினார். அடுத்த நண்பனாவது போகாமல் இருக்கட்டும் என்ற ஏக்கம்தான் காரணம். வெளியே சொல்லமாட்டார்.

வடமலை சட்டத்தை மீறவில்லை. ஈசலைப் பாப்பா என்று மட்டும் கூப்பிட்டான். அது அவனை மாமா என்றது. பார்த்த இடத்தில் ஈசலை விழுங்குகிற பிறவி ஓணான். சிங்காரம் மட்டும் ஆராய்ச்சிக்காக நாக்கைக் கட்டிக்கொண்டு, துளைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார்.

குளிர் முடிந்து வாத்துக் கூட்டம் வடக்கே கிளம்பியபோது, வடமலையின் மனைவி நீலவேணி அவனைக் கூப்பிட்டாள். ஆமை குறுக்கே வந்தார். இப்போதுதானே தொடங்கியிருக்கிறோம், அடுத்த வருஷம் போயேன் என்றார். வடமலை தங்கிவிட்டான். அந்தக் கோடை முழுக்க ஈசலுக்கு விசிறினான். விசிறும்போது முகம் மட்டும் தானாக வடக்கே திரும்பிக்கொள்ளும்.

மழைக்காலம் வந்தது. புதிய ஈசல்கள் வந்து ஒரே சாயங்காலத்தில் முடிந்தன. பாப்பா கூட்டுக்குள் உயிரோடு இருந்தது. ஆமைக்குத் தலைகால் புரியவில்லை.

குளிரோடு நீலவேணியும் வந்தாள். சண்டை போடவில்லை. போன கோடையில் அவர்கள் வழக்கமாகக் கூடு கட்டும் இடத்துக்கு வேறு ஜோடி வந்ததாம், விரட்டிவிட்டாளாம். வெறும் கூட்டுக்குப் பக்கத்தில் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுபடி கிளம்பும் காலம் வந்தது. ஆமையும் வந்தார்.

"இன்னும் ஒரே ஒரு மழை, வடமலை. அதையும் இந்த ஈசல் தாண்டிட்டா விஷயம் உறுதி. அடுத்த வருஷம் போயேன்."

ஓணான் தலையாட்டினார்.

நீலவேணி புருஷனைத் தனியே அழைத்துப் போனாள். "உங்க வாத்தியாருக்கு அடுத்த வருஷம்னா நாளைக்கு மாதிரி. எனக்கு அப்படி இல்லைங்க. இன்னும் எத்தனை தடவை அந்த மலையைத் தாண்டத் தெம்பு இருக்கும்னு எனக்கே தெரியாது. இந்தத் தடவை நீங்க வரலைன்னா, நான் இந்தப் பக்கம் திரும்பமாட்டேன்."

"நான் விசிறலைன்னா அது செத்துப்போயிடுமே."

"சரி. விசிறுங்க."

விடிந்ததும் கூட்டம் எழும்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போயிற்று. கடைசிப் புள்ளி மறையும்வரை வடமலை பார்த்தான். பிறகு வந்து விசிற உட்கார்ந்தான்.

அன்றைக்கென்று பார்த்து, சாயங்காலம் பருவம் தவறி ஒரு மழை கொட்டியது. விட்டதும் மண்வாசனை துளை வழியாக உள்ளே போயிற்று.

"மாமா, வெளியே மழையா?"

"ஆமா பாப்பா."

"எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டாங்க."

"எப்படி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வடமலைக்கு வாய் வரவில்லை. "புத்துக்குப் புத்து புகை மாதிரி எழும்புறாங்க. சாயங்கால வெயில் பட்டு இறகெல்லாம் மினுங்குது."

அதற்குள் ஆமை ஆனந்தமாக வந்து சேர்ந்தார். விடிந்தால் அவை ஒன்றும் இருக்காது, இவள் மட்டும் இருப்பாள், உலகத்து ஈசலுக்கெல்லாம் இவள்தான் மூத்தவள் என்றார். ஓணான் வேகமாகத் தலையாட்டத் தொடங்கினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் மூத்தவ இல்லை தாத்தா. பறக்கத் தொடங்கினாத்தானே எங்களுக்கு வயசு தொடங்கும்? நான் இன்னும் தொடங்கவே இல்லை. இவ்வளவு நாளும் வாசல்லயே நிக்கிறேன்."

ஓணானின் தலை பாதியில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அது நின்றது அதுதான் முதல் தடவை.

வடமலை சிறகை மடக்கினான். "நானும் வாசல்லதான் நிக்கிறேன் பாப்பா," என்றான். அலகைக் களிமண்ணில் வைத்தான்.

ஆமை கழுத்தை நீட்டிக் கூட்டின் மேல் வைத்துக்கொண்டார். "உடைச்சா விடியறதுக்குள்ள போயிடுவா."

"தெரியும் ஐயா."

"நீயும் போயிடுவ."

"ஆமா ஐயா."

ஆமை மெல்லக் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

களிமண் உடைந்தது. பாப்பா வெளியே வந்து, கசங்கிக் கிடந்த இறகை ஒவ்வொன்றாக நீவி விரித்தது. எழும்பியது. ஓணான் வாயை இறுக மூடிக்கொண்டார். ஏரியின் மேல், நாணலின் மேல், சிவந்த வெளிச்சத்துக்குள் அது போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. வெளிச்சம் அடங்கும்போது ஆமையின் முதுகில் வந்து உட்கார்ந்து இறகை உதிர்த்தது. வடமலை அப்போது வடக்கே வெகுதூரம் போயிருந்தான்.

அடுத்த குளிர்காலம் ஆமை குகைக்குள் போகவே இல்லை. பாறை உச்சியில் வடக்கு பார்த்தபடி கிடந்தார். ஒரு வருஷம் நீளமானது என்று அவருக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

கூட்டம் வந்தது. நீலவேணி இறங்கினாள். பின்னால் ஒரு சின்ன வாத்து இறங்கியது. வடமலை இல்லை.

மலையடிவாரத்திலேயே அவன் வந்து சேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். கூடு கட்டினார்களாம். கோடைக் கடைசியில், குஞ்சுக்குப் பறக்க வராத நேரத்தில் ஓர் ஓநாய் வந்ததாம். அவன் குறுக்கே போய் நின்றானாம். அவர் இருந்த இடத்தை மகளுக்குக் காட்டவேண்டும் என்றுதான் வந்தேன் என்றாள்.

"ஒரு கோடைதானாம்மா?" என்றார் ஆமை.

"ஒரு கோடை முழுசா இருந்தார் ஐயா," என்றாள் நீலவேணி.

குஞ்சு அதற்குள் ஆமையின் முதுகில் ஏறிவிட்டது. ஓட்டு இடுக்கில் ஏதோ மினுங்குவதைப் பார்த்து, இது என்ன தாத்தா என்று கேட்டது. உன் அப்பா விசிறி வளர்த்த ஒருத்தியின் இறகு என்றார் ஆமை. பிறகு கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

எவ்வளவு காலம் வாசலில் காத்துக் கிடந்தாலும் அது ஆயுளில் சேராது. பறந்த பொழுது ஒரு சாயங்காலமே ஆனாலும், அதுதான் ஆயுள்.